இருபதடி இரக்கம்

தொட்டிமேட்டிலும் பாத்திக்காட்டிலும் பதினோரு வருஷமாக யாரும் யாரையும் கன்னத்தில் அறைந்தது கிடையாது. அறைந்தால் அறைந்தவன் கன்னமும் எரியும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த பாவத்துக்கு மூன்றாவது ஆள் கன்னமும் எரியும். காதுக்குப் பின்னால் அரிசி அளவுக்குப் பதித்திருந்த எதிர்வலிச் சில்லு செய்கிற வேலை அது. இருபதடிக்குள் ஒருவருக்கு வலித்தால் அந்த வலி அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் அப்படியே போய்ச் சேரும். ஒரே சமயத்தில் பலருக்கு வலித்தால் எது பெரிதோ அதை எல்லோருக்கும் கொடுக்கும். அடித்தது யார், அடி வாங்கியது யார் என்ற விசாரணையெல்லாம் சில்லுக்குத் தெரியாது.

அதற்கு முன்னால் நடந்தது கலவரம். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக மாற்றும் ஆலை தொட்டிமேட்டில் இருந்தது, உப்பளம் பாத்திக்காட்டில் இருந்தது. யாருக்கு எத்தனை குடம் என்று ஆரம்பித்த பேச்சு அரிவாளில் போய் முடிந்து, ஒரே பகலில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் செத்தார்கள். ஜெபசெல்விக்கு அப்போது பதினாறு வயது. அவள் அம்மாவை வெட்டியவன் பக்கத்துத் தெருக்காரன், கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டில் வந்து அச்சுமுறுக்கு தின்றவன். தங்கச்சி சாராளைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குள் கழுத்தளவு நின்று அவள் தப்பித்தாள். ஆகவே டாக்டர் ஞானராஜ் சில்லைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தபோது முதலில் காதைக் காட்டியவர்களில் அவளும் ஒருத்தி. பிறகு அவரிடமே வேலை கற்றுக்கொண்டாள். ஊருக்குச் சில்லு பதிப்பதும், ஆலைக் கோபுரத்தின் உச்சியில் சில்லுகளை இயக்கும் கருவியைக் கவனிப்பதும் இப்போது அவள் பொறுப்பு.

அடிதடி ஒழிந்தது, வாஸ்தவம்தான். கூடவே வேறு சிலதும் ஒழிந்தன. பல்வலிக்காரனைப் பந்தியில் உட்கார விடமாட்டார்கள். காலில் ஆணி ஏறியவனைத் தூக்க யாரும் ஓடி வரமாட்டார்கள். நல்ல தூரத்தில் நின்றுகொண்டு, மெல்ல எழுந்து நட என்று யோசனை சொல்வார்கள். மயக்க மருந்தும் வலி மாத்திரையும் ஊருக்கு வருவது நின்று வருஷக்கணக்காகிறது. ஆகவே தீராத நோய்க்காரர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் வைக்க இரண்டு ஊருக்கும் நடுவில், எந்த வீட்டுக்கும் எட்டாத இடத்தில், நோவு வீடு என்று ஒன்றைக் கட்டிவிட்டு எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். இதற்குப் பெயர் இரக்கம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியும் கொடுத்தார்கள்.

சம்பவம் நடந்த அன்று காலையில் சாராள் அந்த நோவு வீட்டில் இருந்தாள். தலைப்பிரசவம். புருஷன் கடலுக்குப் போய் மூன்று நாளாகிறது. அன்றைக்கு வேறு நோயாளி யாரும் அங்கே இல்லை, துணைக்கு ஒரு மருத்துவச்சி மட்டும். அக்காவும் போயிருக்க வேண்டியவள்தான். ஆனால் விடிந்தும் விடியாததுமாகப் பாத்திக்காட்டு ஜனம் ஆலை வாசலுக்கு வந்துவிட்டது.

வந்தவர்கள் கையில் அரிவாள் இல்லை. இரண்டிரண்டு இரும்புக் கம்பங்களை நட்டு, நடுவில் லாரி டியூபை இழுத்துக் கட்டி, ஆள் உயரத்துக்குக் கவட்டைகள் செய்திருந்தார்கள். குண்டுக்குப் பழைய எந்திரங்களில் கழற்றிய பால்ரஸ் இரும்பு உருண்டைகள், ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு. முந்நூறு அடியிலிருந்து எறிந்தால் அடிபடுகிறவன் வலி எறிந்தவனிடம் வராது. ஆலைக்காரர்களும் சளைத்தவர்களா என்ன, மதில்மேல் ஒன்பது கவட்டைகளை ஏற்றி வைத்திருந்தார்கள். பதினோரு வருஷத்தில் இரண்டு ஊரும் கற்றுக்கொண்டது அந்த முந்நூறு அடியைத்தான்.

சண்டைக்குக் காரணம் பழையதுதான். ஆலையில் ஒரு வடிகட்டி பழுதாகி, மூன்று வாரமாகப் பாத்திக்காட்டுக்குப் பாதித் தண்ணீர்தான் போனது. தொட்டிமேட்டுக்கு ஒரு குடமும் குறையவில்லை. உவர்த் தண்ணீரைக் குடித்து அங்கே நான்கு குழந்தைகள் செத்துப்போயிருந்தன. அந்தக் குழந்தைகளின் வயிற்றுவலி இருபதடியைத் தாண்டித் தொட்டிமேட்டுக்கு வரவில்லை.

கோபுரத்தின் மேல் மூன்று பேர் நின்றார்கள். ஜெபசெல்வி, டாக்டர் ஞானராஜ், காவல் தலைவர் பேச்சிமுத்து. ஞானராஜுக்கு எழுபது வயது. எப்போதும் வெள்ளைச் சட்டை, யாரையும் அதட்டாத குரல். பேச்சிமுத்து பழைய கலவரத்தில் ஒன்பது பேரை வெட்டியவர். அதை ஒருநாளும் மறைத்ததுமில்லை, பெருமை பேசியதுமில்லை. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து முதல் குண்டு வந்து மதில்மேல் நின்ற காவலன் ஒருவனின் தாடையைப் பெயர்த்தது. அவன் பக்கத்தில் நின்ற நான்கு பேரும் தாடையைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். எறிந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். பதிலுக்கு மதிலிலிருந்து போன குண்டு ஒரு பெண்ணின் வயிற்றில் இறங்கியது. இப்போது ஆரவாரம் மதில்மேல் கேட்டது.

"செல்வி, பரப்பைக் கூட்டணும்" என்றார் ஞானராஜ். "இருபதடியெல்லாம் போதாது. ரெண்டு ஊருக்கும் சேத்து முழுசாத் திருகிரு. எறியுறவனுக்கும் வலிக்கட்டும்."

"வேண்டாம்யா" என்றார் பேச்சிமுத்து. "தண்ணியச் சரிபாதி குடுப்போம்னு இப்பவே கூவிச் சொல்லுங்க. அவங்கள்ல நாலு பேர வரச்சொல்லிப் பேசுவோம். பேசி முடியுற வரைக்கும் நம்ம ஆளு கவட்டைய இழுத்துப் பிடிச்சுக்கிட்டே நிக்கட்டும், அவங்களும் நிக்கட்டும். ரெண்டு பேருக்கும் பயம் இருந்தாத்தான் பேச்சு நிக்கும்."

"பயத்துல நிக்கிறதுக்குப் பேரு சமாதானமா பேச்சிமுத்து? மனுஷன் கெட்டவன் இல்லவே. அடுத்தவன் வலி அவனுக்குத் தெரியல, அம்புட்டுதான். தெரிஞ்சா அடிக்கமாட்டான்."

"தெரியாமலா அடிக்கான்? வலிக்கும்னு தெரிஞ்சுதானய்யா அடிக்கான். வலிக்காதுன்னா எதுக்கு மெனக்கெட்டு அடிக்கணும்?"

"அப்போ மனுஷன் மிருகம்னு சொல்லுதீரு."

"மிருகம்னு எங்க சொன்னேன்? மனுஷன்னுதான் சொல்லுதேன். நானும் அதுல ஒருத்தன்லா."

ஜெபசெல்வியின் கை கருவியின் திருகில் இருந்தது. மனசு நோவு வீட்டில் இருந்தது. "அய்யா, சாராளுக்கு வலி கண்டிருக்கு. பரப்பைக் கூட்டுனா அதுவும் ரெண்டு ஊருக்கும் போகும்" என்றாள்.

"போகட்டுமே. ஒரு பிள்ள பொறக்கிற வலியை இந்த ஆம்பளைங்க அம்புட்டு பேரும் ஒருநாள் அனுபவிக்கட்டும். இதவிடப் பெரிய பாடம் உண்டாம்மா?"

"பாடமா?" என்றார் பேச்சிமுத்து. "வலிக்கிறவன் பாடம் படிக்கமாட்டான் அய்யா. வலிய நிறுத்த வழி பாப்பான்."

ஜெபசெல்வி இரண்டு பேரையும் பார்த்தாள். ஒருவர் நானூறு பிணம் விழுந்த ஊரில் பதினோரு வருஷம் ரத்தம் விழாமல் வைத்திருந்தவர். இன்னொருவர் அந்த நானூறில் ஒன்பதை விழவைத்தவர். யார் பேச்சைக் கேட்பது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. திருகைக் கடைசிவரை திருப்பினாள்.

அவள் வயிற்றில் ஏதோ கிழிந்தது. குண்டு பட்ட அந்தப் பெண்ணின் வலி அது. கீழே முந்நூறு பேரும், மதில்மேல் நூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் விழுந்தார்கள். இழுத்துப் பிடித்திருந்த டியூப்கள் கைநழுவ, குண்டுகள் போகிற போக்கில் பறந்து இரண்டு பக்கமும் இன்னும் ஏழெட்டுப் பேரைச் சாய்த்தன. அதோடு சண்டை நின்றது. எறிய ஒரு கை எழவில்லை.

ஞானராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவ்வளவு வலியிலும் அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. "பாத்தியா செல்வி, நின்னுட்டு! நான் கீழ போறேன். அவங்க கவட்டையக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போற வரைக்கும் திருகை மட்டும் தொட்டுராத" என்று சொல்லி, மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினார். பேச்சிமுத்து அதற்கு முன்பே இறங்கிப்போயிருந்தார். அவர் எப்போது போனார் என்று அவள் கவனிக்கவில்லை.

ஆரம்பத்தில் ஞானராஜ் சொன்னபடியேதான் நடந்தது. வயிற்றில் அடிபட்ட பெண்ணை நோக்கி இரண்டு ஊர்க்காரர்களும் தவழ்ந்து போனார்கள். ஒருவன் வேட்டியைக் கிழித்துக் கொடுத்தான். ஒருவன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். ஞானராஜ் மண்டியிட்டு ரத்தத்தை அடைக்கப் பார்த்தார். பைனாகுலரில் இதைப் பார்த்த ஜெபசெல்விக்கு அழுகை வந்தது. இதைப் பார்க்கத்தான் அவள் பதினோரு வருஷம் காத்திருந்தாள்.

கால்மணி நேரத்தில் அந்தப் பெண் செத்துப்போனாள். அந்த நிமிஷமே எல்லோர் உடம்பிலும் வயிற்றுவலி நின்றது.

எல்லாக் கேடும் அங்கேதான் ஆரம்பித்தது. அவள் இறந்த மறுகணம் கூட்டம் முழுவதும் அப்பாடா என்று மூச்சு விட்டது. யாரோ சிரிக்கக்கூடச் செய்தார்கள். இரண்டு மூச்சுக்குள் அடுத்த பெரிய வலி எல்லோர் தாடையிலும் ஏறியது. மதில்மேல் கிடந்த காவலன். அவனோடு பத்து வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவன் ஒருத்தன் எழுந்தான், அங்கே கிடந்த குண்டை எடுத்தான், அவன் நெற்றியில் இரண்டு கையாலும் போட்டான். ஒரு கணம் எல்லோர் நெற்றியும் வெடித்தது. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒரு கணத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நானூறு பேரும் ஒரே சமயத்தில் தெரிந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அடிபட்டவர்களை அவரவர் ஊர்க்காரர்களே தேடிப்பிடித்து முடித்தார்கள். தோள்பட்டை நொறுங்கிய ஒரு உப்பளத்துக்காரனை அவன் சொந்தத் தம்பி கழுத்தில் மிதித்துக் கொன்றான். விலா முறிந்த இன்னொருத்தன் சத்தம் வெளியே வரக்கூடாது என்று சட்டையை வாயில் திணித்துக்கொண்டு உப்பு வண்டிக்கு அடியில் போய் ஒளிந்தான். சத்தத்தை மறைக்கலாம், வலியை எங்கே மறைப்பது? கீறல்காரர்களும் வீக்கக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துப் பின்வாங்கினார்கள். ஞானராஜ் கையை விரித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தடுத்துப் பார்த்தார். நாலாவது ஆளுக்கு மேல் அவர் தடுக்கவில்லை, ஓரமாக உட்கார்ந்துவிட்டார். அரைமணி நேரத்தில் எட்டுப் பேர் போனார்கள்.

அதன்பின் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வலி. இடுப்பில் தொடங்கி அடிவயிற்றை முறுக்கிப் பிழிந்து, கொஞ்சம் விட்டு, மறுபடியும் முறுக்கியது. ஜெபசெல்வி பிள்ளை பெறாதவள். ஆனாலும் அது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது.

கீழே ஆண்கள் இன்னும் ஒரு அடிபட்டவன் எங்கேயோ இருக்கிறான் என்று பிணங்களைப் புரட்டித் தேடினார்கள். அப்போது பாத்திக்காட்டுக் கிழவி ஒருத்தி கத்தியது கோபுரம்வரை கேட்டது. "ஏ பாவிகளா, இது பேறுகால வலிடே! எங்கேயோ பிள்ள பொறக்கப் போவுது!" பிள்ளை பெற்ற பெண்கள் அப்படியே தரையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டார்கள். ஒருத்தன் அந்தக் கிழவியிடம் போய் ஏதோ கேட்டான். எப்போது நிற்கும் என்று கேட்டானாம். தலைப்பிள்ளையாக இருந்தால் பொழுது சாய்ந்துவிடும் என்று அவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள்.

பொழுது சாய ஏழு மணி நேரம் இருந்தது. முப்பது பேர் எழுந்து நோவு வீட்டுப் பக்கம் நடந்தார்கள். வலி வரும்போது விழுந்து, விட்டபோது எழுந்து நடந்தார்கள். கையில் கல், இரும்புக் குண்டு, உப்பு வாருகிற பலகை. கிழவி ஒருவன் காலைப் பிடித்தாள், அவன் அவளை உதறிவிட்டுப் போனான். ஜெபசெல்வி பைனாகுலரைத் திருப்பினாள். முன்வரிசையில் ஒரு வெள்ளைச் சட்டை போய்க்கொண்டிருந்தது. அந்தக் கையிலும் கல் இருந்தது.

ஜெபசெல்வி திருகைப் பிடித்தாள். குறைத்துத் திருப்பினால் முப்பது பேருக்கும் வலி நின்றுவிடும், அவர்கள் நின்றுவிடுவார்கள். ஆனால் ஆலை வாசலில் கவட்டைகள் நட்டது நட்டபடி இருந்தன. வலி நின்றால் கிடக்கிற நானூறு பேரும் எழுந்திருப்பார்கள். செத்தவர்களுக்கும் சேர்த்து எறிவார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பிணங்களின் நடுவில் நடந்து வந்தவள் அவள். தொட்டிக்குள் தன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடுங்கிய சாராளை நினைத்தாள். திருகு வியர்வையில் வழுக்கியது. தங்கச்சியைக் கொல்லத்தான் போகிறார்கள் என்று நன்றாகத் தெரிந்தும் அவள் அதைத் திருப்பவில்லை. தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

நோவு வீட்டு வாசலில் பேச்சிமுத்து நின்றார். கையில் கடப்பாரை.

நான்கைந்து பேர் அவரைத் தாண்டிப் போய்க் கதவைக் குத்தினார்கள். அவர் முதலாமவன் மணிக்கட்டில் ஒரு போடு போட்டார். ஜெபசெல்வியின் மணிக்கட்டு முறிந்தது. எல்லோருடையதும் முறிந்தது. முப்பது பேரும் வாசலில் சுருண்டு விழுந்தார்கள். பேச்சிமுத்து மட்டும் விழவில்லை. பலகையோடு எழுந்த இன்னொருவனைத் தோளில் அடித்தார், அப்போதும் அசையாமல் நின்றார். அவர் அடித்த ஒவ்வொரு அடியும் உள்ளே இருந்த சாராளுக்கும் விழுந்தது. அது தெரிந்துதானோ என்னவோ, அதற்குமேல் அடிக்காமல் கடப்பாரையைக் குறுக்கே பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் கிடந்தார்கள், வெள்ளைச் சட்டை மட்டும் எழுந்தது. படி ஏறியது. பேச்சிமுத்து ஏதோ சொன்னார், வெள்ளைச் சட்டை கேட்கவில்லை. கல்லைத் தூக்கிக் கதவைப் பார்த்துப் போனது. கடப்பாரை ஞானராஜின் முழங்காலில் இறங்கியது.

அந்த வலி மற்ற எல்லா வலியையும் விழுங்கிவிட்டது. வாசலில் கிடந்தவர்களில் இருவர் ஞானராஜை நோக்கி ஊர்ந்தார்கள், அவரையும் முடித்துவிட்டால் தேவலை என்று. பேச்சிமுத்து அவர் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டார். யாரும் கிட்டே வரவில்லை. எறியவும் முடியாமல், வலியை நிறுத்தவும் வழியில்லாமல், கால் முறிந்தவர்கள்போலத் தவழ்ந்து தவழ்ந்து பாத்திக்காட்டு ஜனம் கவட்டைகளைக் கழற்றிக் கட்டிக்கொண்டு போய்ச்சேர மத்தியானம் ஆகிவிட்டது. கடைசிக் கம்பம் வண்டியில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் ஜெபசெல்வி திருகை இருபதடிக்குக் குறைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

வாசல் படியில் பேச்சிமுத்து கடப்பாரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. கிட்டே போனதும் ஞானராஜின் வலி ஏறி அவள் முழங்கால் மறுபடி மடங்கியது. படியைப் பிடித்து உட்கார்ந்தாள்.

"ஒங்களுக்கு வலிக்கலையா அண்ணாச்சி?"

அவர் காதை மடக்கிக் காட்டினார். சில்லு இருக்க வேண்டிய இடத்தில் பழைய தழும்பு இருந்தது. "பதிச்ச வாரமே அறுத்து எடுத்தாச்சு. எல்லாரும் வலியில கெடக்கிற நாளுன்னு ஒண்ணு வரும், அன்னிக்கு நிக்க ஒருத்தன் வேணும்லா. மனுஷங்கள நம்பி எப்படி விடுறது?"

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் அப்பா இதே வீட்டில் புற்றுநோயில் கிடந்து செத்தார். பெற்ற மகள்கள் இரண்டு பேரும் இருபதடி தள்ளி நின்று அழுதார்கள். பதினெட்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது பேச்சிமுத்து. கல்நெஞ்சுக்காரர், தாங்குகிறார் என்று ஊரே பேசியது.

"அப்பாகூட இருந்தப்பவும் ஒங்களுக்கு வலிக்கவே இல்லையா? அப்புறம் எதுக்கு உக்காந்திருந்தீங்க?"

"வலிச்சாத்தான் உக்காரணுமா தாயி? வான்னாரு, உக்காந்தேன்."

"எல்லாத்தையும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன் அண்ணாச்சி. திருகைத் திருப்பல" என்றாள்.

"தெரியும். திருப்பியிருந்தா நூத்துக்கணக்குல போயிருக்கும். நானும் திருப்பியிருக்கமாட்டேன்."

அந்தப் பதில் அவளுக்கு ஆறுதலாக இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பேச்சிமுத்து நிலைப்படியில் வந்து நின்றார். ஞானராஜைப் பக்கத்து அறையில் படுக்க வைத்திருந்தார்கள், நடுவில் ஓலைத் தட்டி மட்டும்.

சாராள் வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள், ஆனால் சிரித்தாள். பக்கத்தில் துணிச் சுருணைக்குள் ஒரு ஆண் பிள்ளை.

"அக்கா, ரெண்டு ஊரும் என்கூடச் சேந்து வலி பட்டுச்சாமே! இவுக சொன்னாவ" என்று மருத்துவச்சியைக் காட்டினாள். மருத்துவச்சி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "வாசல்ல அத்தன பேரு வந்து கதவத் தட்டுனாவளே, ஒத்தாசைக்குத்தான வந்தாவ?"

ஜெபசெல்வி குனிந்து பிள்ளையின் துணியை இழுத்துவிட்டாள்.

"ஒத்தாசைக்குத்தான் தாயி" என்றார் பேச்சிமுத்து. "ஆளாளுக்கு நான் நீன்னு ஓடி வந்துட்டாங்க. பிள்ளத்தாய்ச்சி இருக்க எடத்துல எதுக்கு இம்புட்டுக் கூட்டம்னு நாந்தான் வெரட்டி விட்டேன்."

"பாதிக்கு மேல எனக்குப் பிள்ள வலியே தெரியலக்கா. முழங்கால்தான் உசுரு போச்சு. இப்பமும் வலிக்கி. அது யாரு?"

"டாக்டரய்யா" என்றார் பேச்சிமுத்து. "வந்த வேகத்துல படியில விழுந்துட்டாரு."

"ஐயோ பாவம். இந்த வயசுல எனக்காகவா அப்படி ஓடி வந்தாரு!" சாராளின் கண் நிறைந்துவிட்டது. "அக்கா, இவனுக்கு ஞானராஜ்னு பேரு வச்சிரட்டுமா?"

தட்டிக்கு அந்தப்புறம் கட்டில் கிரீச்சிட்டது. ஜெபசெல்வி பேச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சம்மதமாகத் தலையை ஆட்டினார்.

"வையிட்டி. நல்ல பேருதான்" என்றாள் ஜெபசெல்வி.

பிள்ளைக்கு இன்னும் சில்லு பதிக்கவில்லை. அதுவும் பேச்சிமுத்துவும் தவிர அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் முழங்கால் வலித்துக்கொண்டிருந்தது.